இருநூறு டன் புறப்படும்போது

தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் காற்றாலை உறுப்புகளையும், திருச்சி பெல் ஆலையில் உருவாகும் கொதிகலன் பாகங்களையும், துணைமின் நிலையங்களுக்குச் செல்லும் பெரும் மின்மாற்றிகளையும் சாலை வழியே கொண்டுசேர்ப்பவை, தொழில் வழக்கில் 'புல்லர்' எனப்படும் இழுவை லாரிகள். வரிசை வரிசையாகச் சக்கரங்கள் பூட்டிய ஹைட்ராலிக் ஆக்சில் டிரெய்லரில் சரக்கை ஏற்றி, முன்னால் ஒரு புல்லர் இழுக்க, தேவைப்பட்டால் பின்னால் இன்னொன்று தள்ள, ஆள் நடக்கும் வேகத்தில் நகரும் இந்த அணியின் மொத்த எடை 100 டன்னைத் தாண்டுவது வழக்கம். பெரிய மின்மாற்றி என்றால் 200 டன்னையும் தாண்டும். இத்தகைய வண்டியை வாங்குபவர் முன் மூன்று வகைக் கியர்பாக்ஸுகள் உள்ளன: ஓட்டுநர் கையால் மாற்றும் பழைய வகை, அதே பல்சக்கரங்களைக் கணினி மாற்றும் வகை, எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் முழுத் தானியங்கி வகை. இவற்றில் எது நல்லது என்ற விவாதம் பெரும்பாலும் ஓட்டுநரின் திறமைக்கும் வசதிக்கும் இடையிலான போட்டியாகவோ, பழமைக்கும் புதுமைக்கும் இடையிலான வழக்காகவோ முடிந்துவிடுகிறது. உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது வேறொன்று: நின்றுகொண்டிருக்கும் வண்டி நகரத் தொடங்கும் முதல் சில மீட்டர்களில், சுழன்றுகொண்டிருக்கும் எஞ்சினுக்கும் அசையாமல் இருக்கும் சக்கரத்துக்கும் உள்ள வேறுபாடு எந்த இடத்தில், எவ்வளவு வெப்பமாக மாறுகிறது என்னும் கணக்கு.

சிக்கல் டீசல் எஞ்சினின் இயல்பிலேயே தொடங்குகிறது. சும்மா ஓடும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 சுற்று, உழைக்கும்போது 900 முதல் 1,800 சுற்று என்னும் குறுகிய எல்லைக்குள்தான் கனரக லாரியின் எஞ்சின் இயங்குகிறது. அதற்கும் கீழே அமுக்கினால் திணறி அணைந்துவிடும். சக்கரமோ பூச்சியத்தில் தொடங்கி நெடுஞ்சாலை வேகம் வரை போக வேண்டியது. எஞ்சின் தன் தண்டைத் திருகும் வலிமையை முறுக்குவிசை என்பர். வோல்வோ எஃப்எச்16 லாரியின் 750 குதிரைத்திறன் எஞ்சின், நிமிடத்துக்கு 950 முதல் 1,400 சுற்று வரையிலான எல்லையில் 3,550 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை தருகிறது. கியர்பாக்ஸ் இந்தச் சுழற்சியைக் குறைத்து, குறைத்த அளவுக்கு முறுக்குவிசையைப் பெருக்குகிறது: 12க்கு 1 என்ற விகிதமுள்ள கியரில் எஞ்சின் பன்னிரண்டு முறை சுற்றினால் வெளித்தண்டு ஒருமுறை சுற்றும், முறுக்குவிசையோ உராய்வில் இழப்பது போகப் பன்னிரண்டு மடங்காகும். பின் ஆக்சிலில் உள்ள கிரவுன் பல்சக்கரம் அதை மேலும் மூன்று நான்கு மடங்காக்கிச் சக்கரத்துக்கு அனுப்புகிறது.

ஆனால் எவ்வளவு தாழ்ந்த கியராக இருந்தாலும், நின்ற நிலைக்கென்று ஒரு கியர் கிடையாது. முதல் கியரில் எஞ்சின் 700 சுற்றில் இருக்க, ஆக்சில் விகிதம் 4 என்றும் சக்கரத்தின் ஆரம் அரை மீட்டர் என்றும் கொண்டால், 12க்கு 1 கியரில் வண்டி மணிக்கு ஏறத்தாழ 2.75 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால்தான் எஞ்சினும் சக்கரமும் இசையும். பூச்சியத்துக்கும் இந்த 2.75க்கும் இடையிலான பள்ளத்தைத் தாண்டவைப்பது கிளட்ச், அதாவது எஞ்சினோடு சுழலும் இரும்புத் தட்டுக்கும் கியர்பாக்ஸோடு இணைந்த உராய்வுத் தட்டுக்கும் இடையே வழுக்கலை அனுமதித்துப் படிப்படியாக இறுக்கும் அமைப்பு. வழுக்கும் ஒவ்வொரு கணமும் அங்கே வெப்பம் பிறக்கிறது. அதன் அளவை எளிதாகக் கணக்கிடலாம்: சமதளத்தில், உருளும் தடையைப் பொருட்படுத்தாமல் பார்த்தால், புறப்படும்போது கிளட்சில் உண்டாகும் வெப்பம், கிளட்ச் முழுதாக இறுகும் நேரத்தில் வண்டி பெற்றிருக்கும் இயக்க ஆற்றலுக்குச் சமம். 150 டன் அணிக்கு மேற்சொன்ன வேகத்தில் அது ஏறத்தாழ 44 கிலோஜூல். இயக்க ஆற்றல் வேகத்தின் இருபடிக்கு ஏற்ப மாறுவதால், கியரை 12லிருந்து 32 ஆகத் தாழ்த்தினால் இறுகும் வேகம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைய, வெப்பமோ ஏழில் ஒரு பங்காகி 6 கிலோஜூலில் நின்றுவிடுகிறது.

ஏற்றத்தில் இந்தக் கணக்கு கடுமையாகிறது. 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் 5 சதவீத ஏற்றத்தில் 150 டன்னைப் பின்னால் உருளாமல் பிடித்து வைக்கவும் உருளும் தடையை ஈடுகட்டவும் ஏறத்தாழ 83,000 நியூட்டன் விசை வேண்டும். அதற்கு மேல் மிஞ்சும் விசைதான் வண்டியை முடுக்கும். மிஞ்சுவது குறைவானால் கிளட்ச் நீண்ட நேரம் வழுக்க நேரிடும். கிளட்ச் வழியே வரும் விசை, தடுக்கும் விசையைப்போல் இரண்டு மடங்கு இருந்தால் சமதளத்தில் பிறப்பதைப் போல் இருமடங்கு வெப்பம் பிறக்கும்; பத்தில் ஒரு பங்கு மட்டுமே கூடுதலாக இருந்தால் பதினொரு மடங்கு பிறக்கும். ஓட்டுநர்கள் 'ஹாஃப் கிளட்ச்' என்று சொல்லும் நிலையில் வண்டியை ஏற்றத்தில் நிறுத்தி வைத்திருப்பதோ இன்னும் மோசம், ஏனெனில் அங்கே வண்டி ஓர் அங்குலமும் நகராமல் எஞ்சின் தரும் ஆற்றல் முழுவதும் தட்டில் எரிகிறது. குறுகிய வளைவில் டிரெய்லரைத் திருப்ப முன்னும் பின்னும் பத்துப் பதினைந்து முறை நகர்த்த வேண்டிவரும் இடங்களில் கிளட்ச் தட்டு கருகிய நாற்றம் எழுவதற்குக் காரணம் ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பல வேளைகளில் குற்றம் அந்த வேலைக்குப் போதிய அளவு தாழாத முதல் கியருடையது.

வோல்வோ நிறுவனம் 2016இல் தன் ஐ-ஷிப்ட் கியர்பாக்ஸுக்கு அறிமுகப்படுத்திய கிராலர் கியர், அதாவது தவழ்வதற்கான கூடுதல் தாழ்கியர், இந்த இடத்தில்தான் பொருள் பெறுகிறது. வழக்கமான பன்னிரண்டு கியர்களுக்குக் கீழே சேர்க்கப்படும் இதன் மிகத் தாழ்ந்த விகிதம் 32க்கு 1. 3,550 நியூட்டன்-மீட்டரை இந்த விகிதத்தாலும் ஆக்சில் விகிதத்தாலும் பெருக்கிப் பார்ப்பவருக்குச் சக்கரத்தில் ஒன்பது லட்சம் நியூட்டன் விசை கிடைக்கும் என்று தோன்றும். அது தாளில் மட்டுமே உள்ள எண். இயக்கம் பெறும் இரண்டு பின் ஆக்சில்களின் மேல் 20 டன் எடை அமர்ந்திருந்தால், உலர்ந்த சாலையில் டயர் பிடித்துக்கொள்ளக்கூடிய விசை ஏறத்தாழ 1,18,000 நியூட்டன்தான்; அதற்கு மேல் கொடுத்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். புல்லரின் முதுகில் கான்கிரீட் பாளங்களையும் இரும்புக் கட்டிகளையும் ஏற்றுவதும், கடும் ஏற்றத்தில் இரண்டாவது புல்லரைப் பூட்டுவதும் இந்தப் பிடிமான எல்லையை உயர்த்தத்தான். ஆகவே கிராலர் கியரின் பயன் மலையளவு விசை தருவதில் இல்லை. 600 சுற்றில் எஞ்சின் சும்மா ஓடும்போதே கிளட்சை முழுதாக இறுக்கிவிட்டு மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில் வண்டியை நகர்த்த முடிகிறது என்பதே அதன் பயன். கிளட்ச் வழுக்காதபோது வெப்பமும் இல்லை.

இந்தக் கியரோடு 325 டன் மொத்த எடையை நின்ற நிலையிலிருந்து நகர்த்தலாம் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. அறிமுகத்துக்குப் பிறகு ஸ்வீடனின் கோதன்பர்க் துறைமுகத்தில், ஏறத்தாழ 300 மீட்டர் நீளத்துக்கு டிரெய்லர்களையும் கொள்கலன்களையும் கோத்து, 750 டன்னை ஒரே லாரியால் இழுத்தும் காட்டியது. விளம்பரத்துக்காகச் செய்ததாயினும் இயற்பியலுக்கு அது முரணானதல்ல: சமதளத்தில் ஒரு டன்னை உருட்ட ஏறத்தாழ 60 முதல் 100 நியூட்டன் போதும் என்பதால் 750 டன்னுக்கு 45,000 முதல் 75,000 நியூட்டன் வேண்டும், அது டயரின் பிடிமான எல்லைக்குள் அடங்குகிறது. அதே அணியை 5 சதவீத ஏற்றத்தில் நிறுத்தியிருந்தால் எந்தக் கியர்பாக்ஸும் உதவியிருக்காது.

கைமுறைக் கியர்பாக்ஸ் இந்தத் துறையில் நீண்ட காலம் ஆண்டதற்கு வலுவான காரணங்கள் இருந்தன. அமெரிக்காவின் ஈட்டன் நிறுவனத்தின் பதினெட்டு கியர் ஃபுல்லர் ரோடுரேஞ்சர், வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கனரகப் போக்குவரத்தின் அடையாளமாகவே இருந்து வந்துள்ளது. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுச் சாலைகளில் 53.5 மீட்டர் நீளம் வரை டிரெய்லர்களைக் கோத்துச் செல்லும் 'ரோடு டிரெய்ன்' லாரிகள் பலவும் இதைத்தான் நம்பின. அதன் வழக்கமான ஒரு வடிவத்தில் மிகத் தாழ்ந்த கியர் 14.40க்கு 1, மிக உயர்ந்தது 0.73க்கு 1. கார்களின் கியர்பாக்ஸில் பற்கள் கோப்பதற்கு முன் இரு பக்கச் சுழற்சியையும் சமன்செய்யும் சிங்க்ரோனைசர் எனும் உராய்வு வளையம் இருக்கும். கனரகச் சுமையில் எளிதில் தேயும் இந்த வளையத்தை விட்டுவிட்டு, நாய்ப்பல் எனப்படும் தடித்த பற்களை நேராகக் கோக்கும் முறையையே ரோடுரேஞ்சர் கையாள்கிறது. மேலும், முறுக்குவிசையை, முதன்மைத் தண்டுக்கு இணையாக ஓடும் இரண்டு எதிர்த்தண்டுகளில் பாதிப் பாதியாகப் பிரித்துக் கடத்துவதால் ஒவ்வொரு பல்லின் மேலும் விழும் சுமை குறைந்து, பெட்டியின் நீளமும் குறைகிறது. ஆயுள் நீண்ட, பிரித்துப் பூட்ட எளிதான, பொறியியல் அழகு கொண்ட அமைப்பு இது.

அதற்கு ஈடாக ஓட்டுநர் தன் உடலையே சிங்க்ரோனைசராக்க வேண்டியிருக்கிறது. மேல் கியருக்குப் போகையில், கிளட்சை அமுக்கிக் கியரை நியூட்ரலுக்கு எடுத்து, கிளட்சை விட்டு எஞ்சின் சுழற்சி இறங்கும் வரை காத்திருந்து, மறுபடி அமுக்கி அடுத்த கியரைக் கோக்க வேண்டும். கீழ் கியருக்கு வருகையில் அதே இடைவெளியில் எஞ்சினைச் சரியான அளவுக்கு உறும வைக்க வேண்டும். 'டபுள் கிளட்ச்' என்று வழங்கும் இந்தக் கலையில் தேர்ந்தவர்கள், கிளட்சையே தொடாமல் சுழற்சியின் ஒலியை மட்டும் கேட்டுக் கியரை நழுவவிடும் அளவுக்குப் பழகிவிடுகிறார்கள். வாழ்நாள் உழைப்பில் சேர்ந்த அந்த நுட்பம் மதிப்புக்குரியது. கணினி மாற்றும் வகையை விற்பவர் எவரும் வாங்குவோரிடம் அதை மலிவாகப் பேசக் கூடாது.

ஆனாலும் ஏற்றத்தில் கியர் மாற்றும்போது கலையையும் மீறி இயற்பியல் குறுக்கிடுகிறது. கியர் நியூட்ரலில் இருக்கும் நேரம் முழுவதும் சக்கரத்துக்கு விசை போகாது. 4 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோமீட்டரில் ஊர்ந்துகொண்டிருக்கும் 100 டன் அணி, விசை நின்ற ஒவ்வொரு வினாடிக்கும் 1.6 கிலோமீட்டர் வேகத்தை இழக்கிறது. இதில் எடையின் அளவு கூடினாலும் குறைந்தாலும் மாற்றமில்லை, ஏற்றத்தின் சரிவே முடிவு செய்கிறது. மாற்றத்துக்கு 2 வினாடி ஆனால் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பன்னிரண்டு கியர் பெட்டியில் அடுத்தடுத்த கியர்களுக்கிடையிலான இடைவெளி ஏறத்தாழ 28 சதவீதம் என்பதால், 1,600 சுற்றில் தொடங்கி மேல் கியருக்குப் போன எஞ்சின், வண்டியும் இதற்குள் தளர்ந்துவிட்டதால் 850 சுற்றில் வந்து நிற்கும். அங்கே அதற்குத் தெம்பு இல்லை. மறுபடி கீழ் கியருக்கு வர இன்னொரு 2 வினாடி, இன்னொரு 3 கிலோமீட்டர். வண்டி நின்றேவிடுகிறது. அனுபவமுள்ள ஓட்டுநர் மலையடிவாரத்திலேயே ஒரு கியரைத் தேர்ந்து, உச்சி வரை அதை விட்டு மாறாமல் ஏறுவது இதனால்தான். பதினெட்டு கியர் பெட்டியின் மேல் வரிசைகளில் பாதிப் படியாக, 17 அல்லது 18 சதவீத இடைவெளியில் மாற்ற முடிவது இந்தச் சூழலில் ஓர் உண்மையான அனுகூலம்.

இரண்டாவது வகையான தானியங்கிக் கைமுறைக் கியர்பாக்ஸை, சுருக்கமாக ஏஎம்டியை, பலர் முற்றிலும் வேறான பொறி என்று கருதுகிறார்கள். பெட்டிக்குள் பார்த்தால் பழைய நாய்ப்பற்களும் எதிர்த்தண்டும்தான் இருக்கும். கிளட்சும் அதே உலர்ந்த உராய்வுத் தட்டுதான். மாறியிருப்பது மாற்றும் கை: காற்றழுத்தத்தால் இயங்கும் உருளைகள் பற்களை நகர்த்துகின்றன, உணரிகள் இரு பக்கச் சுழற்சியையும் அளந்து சொல்ல, எஞ்சினை எவ்வளவு உறும வைப்பது, எதிர்த்தண்டை எவ்வளவு பிரேக் பிடித்துத் தளர்த்துவது என்பதைக் கணினி முடிவு செய்கிறது. 1990களில் ஸ்கானியாவின் ஆப்டிகுரூஸ், ஈட்டனின் ஆட்டோஷிப்ட் ஆகியவற்றோடு பரவத் தொடங்கி, 2001இல் வோல்வோவின் ஐ-ஷிப்டோடு வேகம் பிடித்த இவ்வகை, இன்று ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நெடுந்தூர லாரிகளில் கைமுறையை ஏறக்குறைய வெளியேற்றிவிட்டது. வண்டியின் எடையையும் சாலையின் சரிவையும் கணக்கிட்டு இரண்டு மூன்று கியர்களைத் தாண்டிக் கோக்கவும், சேமித்து வைத்த நில வரைபடத்தைப் பார்த்து அடுத்த மேடு வருமுன்பே கீழ் கியருக்கு இறங்கவும் அதற்குத் தெரியும். சிறந்த ஓட்டுநரைவிட அது டீசலை மிச்சப்படுத்துகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சிறந்தவருக்கும் சுமாரானவருக்கும் இடையிலான இடைவெளியை அது வெகுவாகக் குறைக்கிறது, பல வண்டிகள் வைத்திருக்கும் முதலாளிக்கு அதுவே போதுமான காரணம்.

இழுவை வேலையில் ஏஎம்டியின் குறை, கிளட்சின் வெப்பக் கணக்கை அது மாற்றவில்லை என்பதுதான். கிளட்ச் பெடலை எடுத்துவிட்டதால் ஓட்டுநருக்குத் தட்டு வழுக்குவது காலில் தெரிவதில்லை. ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டுக்கொண்டே ஏற்றத்தில் வண்டியைத் தாங்கி நிற்பவர், ஹாஃப் கிளட்சில் நிற்கிறோம் என்பதை அறியாமலே அதைச் செய்கிறார். நல்ல வடிவமைப்புகளில் கணினி கிளட்சின் வெப்பத்தை மதிப்பிட்டு எச்சரிக்கை ஒலி எழுப்பும். அடிக்கடி நின்று அங்குலம் அங்குலமாக நகர வேண்டிய வேலைக்குக் கிராலர் கியர் இல்லாத சாதாரண ஏஎம்டியை வாங்குவது, கைமுறையிலிருந்து ஒரு படி பின்னே போவதாகும். மேலும், கணினி தானாகக் கியர் மாற்றும் நிலையை விடுத்து ஓட்டுநரே கியரைப் பூட்டிவைக்கும் வசதியும், கனரக இழுவைக்கென எழுதப்பட்ட மென்பொருளும் இல்லாவிட்டால், மேற்சொன்ன 4 சதவீத ஏற்றத்தில் அது மேல் கியருக்குப் போய்த் திணறி இறங்கும் தவற்றைச் செய்யக்கூடும்.

மூன்றாவது வகை, கிளட்சின் உராய்வுத் தட்டையே நீக்கிவிடுகிறது. 1905இல் ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபெட்டிங்கர், கப்பலின் வேகமான நீராவிச் சுழலியை மெதுவாகச் சுழல வேண்டிய உந்துவிசிறியோடு இணைப்பதற்காகக் காப்புரிமை பெற்ற ஏற்பாடே இன்றைய டார்க் கன்வெர்ட்டர். எண்ணெய் நிறைந்த ஒரு கூட்டுக்குள், எஞ்சினோடு சுழலும் இறக்கைச் சக்கரம் எண்ணெயை வீச, அது கியர்பாக்ஸோடு இணைந்த எதிர்ச் சக்கரத்தைத் தள்ளுகிறது. திரும்பி வரும் எண்ணெயின் திசையை இடையில் உள்ள நிலையான இறக்கைகள் திருப்பிவிடுவதால், வண்டி நின்றிருக்கும்போது முறுக்குவிசை ஏறத்தாழ இருமடங்காகிறது. வழுக்கல் இங்கேயும் உண்டு, வெப்பமும் உண்டு. ஆனால் அந்த வெப்பம் ஒரு மெல்லிய தட்டின் மேற்பரப்பில் தேங்காமல், பல லிட்டர் எண்ணெயில் கலந்து குளிர்விப்பானுக்குப் போய்ச் சேர்கிறது. தேய்வதற்கு அங்கே எதுவும் இல்லை. வேகம் ஏறியதும் உள்ளிருக்கும் பூட்டுக் கிளட்ச் இரு சக்கரங்களையும் ஒன்றாக இறுக்கிவிடும். பின்னால் உள்ள கோள் பல்சக்கரத் தொகுதி, அதாவது நடுச்சக்கரத்தைச் சிறு சக்கரங்கள் சுற்றிவரும் அமைப்பு, விசை அறுபடாமலேயே கியரை மாற்றுகிறது; ஏற்றத்தில் இழந்த 2 வினாடி என்ற சிக்கலே இங்கு எழுவதில்லை. அமெரிக்க இராணுவம் ஏறத்தாழ 70 டன் எடையுள்ள ஏப்ரம்ஸ் டாங்கிகளைச் சுமக்கப் பயன்படுத்தும் ஆஷ்கோஷ் எம்1070 வண்டிகள் அலிசன் நிறுவனத்தின் இவ்வகைக் கியர்பாக்ஸோடு வந்தவை. 

ஒரே சரக்கை இரண்டு மூன்று புல்லர்கள் இழுத்தும் தள்ளியும் செல்லும்போது எண்ணெய் இணைப்பின் இன்னொரு குணம் வெளிப்படுகிறது. உராய்வுக் கிளட்ச் கொண்ட வண்டிகள் பூட்டப்பட்டால், முன்னுள்ள ஓட்டுநரும் பின்னுள்ளவரும் வாக்கி-டாக்கியில் எண்ணிக்கொண்டு ஒரே கணத்தில் கிளட்சை விட வேண்டும். ஒருவர் அரை வினாடி முந்தினாலும் முழுச் சுமையும் அவருடைய தட்டின் மேலும் தண்டின் மேலும் விழுகிறது, பின்வண்டி முந்தினால் டிரெய்லர் முன்வண்டியை நெருக்கித் தள்ளுகிறது. எண்ணெய் வழியே விசை செல்லும் வண்டிகளில் இந்தச் சிறு வேறுபாடுகளை எண்ணெயே ஏற்றுக்கொள்ளும், ஒவ்வொரு வண்டியும் தன் பங்கு விசையை அதிர்ச்சியின்றிச் சேர்க்கும். மெர்சிடிஸ் நிறுவனம் 250 டன் வரையிலான அணிகளுக்கென உருவாக்கிய ஆக்ட்ராஸ், ஆராக்ஸ் எஸ்எல்டி வண்டிகளில் இந்த நன்மையையும் ஏஎம்டியின் சிக்கனத்தையும் ஒன்றாகச் சேர்த்தது: புறப்படும்போது மட்டும் எண்ணெய்க் கிளட்ச் வேலை செய்யும், பின் வழக்கமான உலர் கிளட்ச் பூட்டிக்கொள்ளும், இறக்கத்தில் அதே எண்ணெய்க் கூடு வேகத்தடையாக மாறும். மிக மெதுவாக, மீண்டும் மீண்டும் புறப்படும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான தீர்வு இன்றைய சந்தையில் குறைவு. விலையும் அதற்கேற்ப உயர்ந்தது.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் உயிர்கள் போகின்றன. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயில் நிகழ்ந்த லாரி விபத்துகளில், டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கியதும், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனதும் திரும்பத் திரும்பக் காரணங்களாகச் சொல்லப்பட்டுள்ளன. 49 டன் லாரி 4 சதவீத இறக்கத்தில் மணிக்கு 40 கிலோமீட்டரில் வேகம் கூடாமல் வர வேண்டுமானால், ஒவ்வொரு வினாடியும் ஏறத்தாழ 200 கிலோஜூல் ஆற்றலை எங்காவது கரைக்க வேண்டும். கியர் கோத்திருந்தால் அதில் கணிசமான பங்கை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும், நியூட்ரலில் முழுவதும் பிரேக் டிரம்களின் மேல் விழும். நியூட்ரலில் டீசல் மிச்சமாகும் என்ற நம்பிக்கையே தவறானது என்பதுதான் இதில் மிகவும் வேதனையானது: இன்றைய எஞ்சின்களில், கியர் கோத்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது எரிபொருள் தெளிப்பு முற்றிலும் நின்றுவிடுகிறது, எஞ்சினைச் சக்கரமே சுழற்றுகிறது, நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமல் இருக்கத் தொடர்ந்து டீசல் எரிகிறது. மென்மையான சரிவுகளில் உருண்டு போகும் தூரத்தை நீட்டிப்பதற்காக ஏஎம்டி தானே நியூட்ரலுக்குச் செல்லும் வசதி உண்டு என்றாலும், செங்குத்தான இறக்கத்தில் அது கியரை விடாது.

கைமுறைக் கியர்பாக்ஸின் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. இறக்கத்தின் நடுவில் கீழ் கியருக்கு மாற்ற முயன்று, சுழற்சி பொருந்தாமல் பற்கள் கோக்காது போனால், ஓட்டுநர் விரும்பாமலே வண்டி நியூட்ரலில் சிக்கிக்கொள்கிறது. வேகம் கூடக்கூட எந்தக் கியரும் உள்ளே போகாது. ஏறிய கியரிலேயே இறங்கு என்ற பழைய நெறி, அந்த நிலைக்கு ஆளாகாமல் இருக்கவே உருவானது. ஏஎம்டி இந்த ஒரு தவற்றை ஏறக்குறைய ஒழித்துவிடுகிறது, கணக்கில் அதற்குப் பெரிய மதிப்பு கொடுக்க வேண்டும். மெதுவாக இறங்கும் இழுவை வண்டியைப் பொறுத்தவரை இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: ரிட்டார்டர் எனும் எண்ணெய் வேகத்தடை கியர்பாக்ஸுக்குப் பின்னால் பொருத்தப்பட்டிருந்தால், தண்டு மெதுவாகச் சுழலும் தவழ் வேகத்தில் அதற்கு வலுவிருக்காது; கியர்பாக்ஸுக்கு முன்னால் பொருத்தப்பட்டிருந்தால் தாழ்ந்த கியரின் பெருக்கம் அதற்கும் கிடைத்து, நடை வேகத்திலும் பிடிக்கும்.

பழுதுபார்ப்பு விஷயத்தில் கைமுறை இன்னும் முன்னிலையில் உள்ளது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரப் பட்டறைகளில் கியர்பாக்ஸை இறக்கி, பற்களை மாற்றி, மறுநாள் வண்டியை அனுப்பிவிடும் தேர்ச்சி பல பத்தாண்டுகளாக வளர்ந்தது. ஏஎம்டியில் ஓர் உணரியோ காற்று வால்வோ கெட்டால் பெட்டி முழுதும் நலமாக இருந்தும் நிறுவனத்தின் கணினி வரும்வரை வண்டி சாலையோரம் நிற்கும், அதன்மேல் இருக்கும் மின்மாற்றிக்காக ஒரு துணைமின் நிலையமே காத்திருக்கும். மறுபுறம், கைமுறையில் தேர்ந்த ஓட்டுநர்கள் அருகி வருகிறார்கள். அமெரிக்காவில் தானியங்கி லாரியில் ஓட்டுத் தேர்வு முடித்து உரிமம் பெறுபவர் கைமுறை லாரியை ஓட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு உரிமத்திலேயே குறிக்கப்படுகிறது. புதியவர்கள் அனைவரும் தானியங்கியில் பழகி வந்தால், பதினெட்டு கியர் வண்டிக்கு காலப்போக்கில் ஆள் கிடைக்காமல் போகும். நாளெல்லாம் நெரிசலில் கனத்த கிளட்சை அமுக்கி வலிக்கும் இடது முழங்காலை எந்த விலைப்பட்டியலும் கணக்கில் எடுப்பதில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆகவே வாங்குபவர் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய எண், குதிரைத்திறனுக்கு முன்னால், புறப்படும் திறன்: முழுச் சுமையோடு எத்தனை சதவீத ஏற்றத்தில் நின்று மீண்டும் புறப்பட முடியும் என்பது. அதைத் தாமே கணக்கிடவும் முடியும். 800 சுற்றில் எஞ்சின் 1,600 நியூட்டன்-மீட்டர் தருகிறது, முதல் கியர் 11.73, ஆக்சில் 3.5, சக்கர ஆரம் அரை மீட்டர், பத்தில் ஒரு பங்கு இழப்பு என்று வைத்தால் சக்கரத்தில் 1,18,000 நியூட்டன் கிடைக்கும். 100 டன் அணிக்கு அது 12 சதவீதத்துக்கு ஈடு, உருளும் தடைக்கு ஒன்றைக் கழித்தால் 11. அதே லாரி 200 டன்னைப் பூட்டினால் 5 சதவீதம்தான் மிஞ்சும், அதுவும் டயர் வழுக்கும் விளிம்பில், கிளட்ச் நீண்ட நேரம் எரியும் நிலையில். இந்த இடத்தில் சிலர் ஆக்சில் விகிதத்தை 5 அல்லது 6 என உயர்த்திச் சமாளிக்கிறார்கள். அப்படிச் செய்தால் சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டரிலும் எஞ்சின் தேவையின்றி வேகமாகச் சுழன்று டீசலைக் குடிக்கும். கிராலர் கியரோ டார்க் கன்வெர்ட்டரோ புறப்படுதலைப் பார்த்துக்கொண்டால், ஆக்சிலை நெடுஞ்சாலைக்கு ஏற்றபடி தேர்ந்துகொள்ளலாம். 60 டன்னுக்குள் நெடுஞ்சாலையில் ஓடும் டிரெய்லருக்குச் சாதாரண ஏஎம்டியே போதும். 100 டன்னுக்கு மேல், வாரம் ஒருமுறை மட்டும் நீண்ட தூரம் போகும் வண்டிக்குக் கிராலரோடு கூடிய ஏஎம்டியோ, நல்ல ஓட்டுநரும் அருகில் பட்டறையும் இருந்தால் பதினெட்டு கியர் கைமுறையோ பொருந்தும். ஆலை வளாகங்களிலும் காற்றாலைப் பண்ணைகளின் மண்பாதைகளிலும் நாள் முழுவதும் நின்று நின்று நகரும் வண்டிக்கு எண்ணெய் வழியே புறப்படும் வகையையே வாங்க வேண்டும், அதன் விலை முதலில் எவ்வளவு கூடுதலாகத் தெரிந்தாலும்.